சாஃப்ட்பால் அம்பயரிங்: கேட்டால் மட்டும் சொல்ல வேண்டிய அவுட்கள்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் சாஃப்ட்பால் அம்பயராக நிற்க வருகிறவர்களில் பலர் கிரிக்கெட்டில் நின்று பழகியவர்கள். பள்ளி பி.இ.டி. ஆசிரியர்கள் இருக்கிறார்கள், கல்லூரியில் விளையாடி முடித்தவர்களும் இருக்கிறார்கள். கிரிக்கெட்டில் ஃபீல்டிங் அணி கேட்காமல் அம்பயர் அவுட் கொடுக்க முடியாது. 31ஆவது விதியே அதுதான். அந்தப் பழக்கத்தோடு சாஃப்ட்பால் மைதானத்துக்கு வந்தால் திணறிப்போவோம். இங்கே பெரும்பாலான அவுட்களை யாரும் கேட்காமலேயே, நடந்த மாத்திரத்தில் அம்பயர் சொல்ல வேண்டும். ஒரு சிலவற்றை மட்டும், நம் கண்ணெதிரே நடந்திருந்தாலும், கேட்கும்வரை சொல்லவே கூடாது. எந்த அவுட் எந்த வகை என்பது மனதில் பதிந்துவிட்டால் பேஸ் ரன்னிங் தொடர்பான தகராறில் பெரும்பகுதி கிளம்பாது. இந்தக் கட்டுரை ஃபாஸ்ட்பிட்ச், அதாவது பந்தை வேகமாக வீசும் வகை ஆட்டத்துக்கானது. நம் பக்கத்துப் பள்ளி, கல்லூரிப் போட்டிகளில் நடப்பது அதுதான்.

ஆட்டத்துக்கு முன்பு

அரை மணி நேரம் முன்னதாகவே மைதானத்துக்குப் போய்விடுங்கள். பேட்டர் நிற்கும் ஹோமிலிருந்து ஃபர்ஸ்ட் பேஸ் 60 அடி, அதாவது 18.29 மீட்டர். எல்லா பேஸ்களுக்கும் இடையே அதே தூரம். பந்து வீசும் பிட்சரைச் சுற்றிய வட்டத்தின் ஆரம் 8 அடி. டேப் வைத்து அளந்து பார்த்துவிடுங்கள். கண்ணளவில் போட்ட கோட்டில் ஒரு அடி இரண்டு அடி வித்தியாசம் சாதாரணமாக வரும். ஃபர்ஸ்ட் பேஸில் ஒரு அடி குறைந்தால் நெருக்கமான முடிவுகள் அத்தனையும் மாறிப்போகும்.

அடுத்தது பேஸ்கள். நம் ஊர் மைதானங்கள் பலவும் இறுகிய செம்மண் தரை. பேஸைத் தரைக்குள் பதித்து வைக்கும் வசதி எல்லா இடத்திலும் இருக்காது. ஆணி அடித்து நிறுத்துவார்கள், ஒருவர் சறுக்கிவந்தால் பேஸ் இரண்டு அடி தள்ளிப்போய்க் கிடக்கும். பெயர்ந்த பேஸைத் துரத்திப்போய்த் தொட வேண்டிய கட்டாயம் அந்த ரன்னருக்கும் இல்லை, அதே ப்ளேயில் பின்னால் வரும் ரன்னர்களுக்கும் இல்லை. இதை ஆட்டத்துக்கு முன்பே இரண்டு பயிற்சியாளர்களிடமும் சொல்லிவிடுங்கள். நடுவில் சொன்னால் ஒரு பக்கம் சாய்ந்து பேசுவதாகத்தான் படும்.

ஃபர்ஸ்ட் பேஸில் இரட்டை பேஸ் போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். வெள்ளைப் பகுதி உள்ளே, ஆரஞ்சுப் பகுதி ஃபவுல் பக்கம், அதாவது ஆட்ட எல்லைக் கோட்டுக்கு வெளியே. பந்தை அடித்துவிட்டு முதல்முறை ஓடிவரும்போது, அங்கே ப்ளே இருந்தால், அதாவது அவுட் எடுக்கப் பந்து அங்கே வந்தால், ரன்னர் ஆரஞ்சைத் தொட வேண்டும், ஃபீல்டர் வெள்ளையைத் தொட வேண்டும். ரன்னர் வெள்ளையை மட்டும் தொட்டுப் போனால் பேஸைத் தவறவிட்டதாகவே கணக்கு. ஆனால் அவர் திரும்பி வந்து பேஸில் நிற்பதற்குள் ஃபீல்டிங் அணி அப்பீல் செய்ய வேண்டும். அந்த முதல் ஓட்டம் முடிந்த பிறகு ரன்னருக்கு வெள்ளைப் பகுதி மட்டும்தான் பேஸ்.

கூட இன்னொரு அம்பயர் இருந்தால் யார் எதைப் பார்ப்பது என்று பேசிக்கொள்ளுங்கள். ஃபர்ஸ்ட், செகண்ட் பேஸ்களில் கால் படுவதை பேஸ் அம்பயரும், தேர்ட் பேஸையும் ஹோமையும், ஹோமுக்குப் பின்னால் நிற்கும் பிளேட் அம்பயரும் கவனிப்பது எளிய ஏற்பாடு. ஃப்ளை பந்தில், அதாவது அடித்து உயரே போகும் பந்தில், ரன்னர் எப்போது பேஸை விடுகிறார் என்பதையும் அப்படியே பிரித்துக்கொள்ளலாம். பேசாமல் விட்டால் இரண்டு பேரும் பந்தைப் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள், ஒரு காலையும் யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

எங்கே நிற்பது, எதைப் பார்ப்பது

பக்கத்தில் நின்றால் நன்றாகத் தெரியும் என்றுதான் புதியவர்கள் நினைப்பார்கள். உண்மையில் தூரத்தைவிடக் கோணம்தான் முக்கியம். ஃபர்ஸ்ட் பேஸில் ஃபோர்ஸ் ப்ளே (ரன்னர் கட்டாயமாக ஓடிவர வேண்டிய பேஸை, ஃபீல்டர் பந்தோடு முந்தித் தொட்டாலே அவுட்) என்றால், பந்து எறியப்படும் கோட்டுக்குச் செங்குத்தாக, பேஸிலிருந்து பதினைந்து, பதினெட்டு அடி தள்ளி நில்லுங்கள். பந்து எறிபவரின் கையை விட்டதும் அது சரியாக வருகிறதா என்று ஒரு பார்வை. அப்புறம் கண் பேஸில்தான் இருக்க வேண்டும். கால் படுவதைக் கண்ணால் பிடிக்க வேண்டும், பந்து கையுறையில் விழும் சத்தத்தைக் காதால் பிடிக்க வேண்டும். கூட்டம் கத்தும் இறுதிப் போட்டியில் சத்தம் கேட்காது. அப்போது ஓரிரு அடி பின்வாங்கினால் காலும் கையுறையும் ஒரே பார்வையில் அடங்கும்.

டேக் ப்ளே, அதாவது பந்தோடு ரன்னரையே தொட்டு அவுட் எடுப்பது என்றால் இன்னும் கொஞ்சம் நெருங்கலாம், பத்துப் பன்னிரண்டு அடி. ரன்னருக்கும் கையுறைக்கும் இடையில் உள்ள அந்த இடைவெளி உங்களுக்குத் தெரிய வேண்டும். ரன்னரின் முதுகுக்குப் பின்னால் நின்றால் அது தெரியவே தெரியாது. சறுக்கும்போது புழுதி எழும்பும். புழுதியைப் பார்த்து முடிவு சொல்லாதீர்கள். புழுதி அடங்கட்டும், பந்து இன்னும் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். டேக் செய்த வேகத்தில் பந்து உருண்டு வெளியே வந்தால் அவுட் இல்லை. ஓரிரு நொடி தாமதித்துச் சொன்ன முடிவை யாரும் குறை சொல்வதில்லை. கையைத் தூக்கிவிட்டு இறக்கினால்தான் மொத்த மைதானமும் உங்களைச் சுற்றி நிற்கும்.

பந்தும் காலும் சேர்ந்தாற்போல வந்தால் என்ன செய்வது என்று எல்லோரும் கேட்பார்கள். கேள்வி ஒன்றுதான்: பந்து முந்தியதா? முந்தியது என்று உறுதியாகத் தெரிந்தால் அவுட். இல்லையென்றால் சேஃப்.

பள்ளி ஆட்டங்களில் பெரும்பாலும் ஒரே ஆள்தான். அப்படியானால் பந்து அடிபட்டதும் பிளேட்டுக்குப் பின்னால் நின்றுவிடாமல் உள்ளே ஓடிவாருங்கள். அவுட்ஃபீல்டுக்குப் பந்து போனால் நான்கு பேஸ்களும் உங்களைச் சுற்றித் தெரிகிற இடத்தில் நின்றுகொண்டு, ஒவ்வொரு ரன்னரும் பேஸை நெருங்கும் நொடியில் மட்டும் பந்தை விட்டுக் காலைப் பாருங்கள். பந்து எங்கேயும் போய்விடாது. ஆனால் கால் படும் அந்த நொடி திரும்ப வராது. முழு வேகத்தில் வளைந்து ஓடுகிறவர் பேஸின் உள்மூலையில்தான் காலை வைப்பார். பார்க்க வேண்டிய இடம் அந்த மூலை. ஷூவின் நுனி உரசினாலும் தொட்டதுதான்.

உடனே சொல்ல வேண்டியவை

இவற்றுக்கு அப்பீல் தேவையில்லை. பிட்சரின் கையிலிருந்து பந்து விடுபடுவதற்கு முன்பே ரன்னர் பேஸை விட்டால் அங்கேயே டெட் பால், ரன்னர் அவுட், அந்தப் பிட்ச், அதாவது அந்த வீச்சு, கணக்கில் வராது. கிரிக்கெட்டில் நான்-ஸ்ட்ரைக்கர் முன்கூட்டியே நகர்ந்து பழகிய பிள்ளைகள் இங்கே அடிக்கடி மாட்டுவார்கள். முன்னால் ஓடும் ரன்னரைத் தாண்டிப்போனால் தாண்டியவர் அவுட். டேக்கிலிருந்து தப்பிக்கத் தன் ஓடுபாதையிலிருந்து 3 அடிக்கு மேல் விலகினால் அவுட். ஃப்ளை பந்தின்போது பேஸுக்குப் பின்னால் தள்ளி நின்று, ஓட்டமெடுத்து வந்து பேஸை மிதித்துக்கொண்டு ஓடினாலும் அவுட்.

அப்புறம் லுக்-பேக் விதி. பந்து பிட்சரின் கையில், அவர் வட்டத்துக்குள் நிற்கிறார், அடித்தவர் ஃபர்ஸ்ட் பேஸை அடைந்துவிட்டார். இந்த நிலையில் பேஸுக்கு வெளியே இருக்கும் ரன்னர் உடனே முன்னே போக வேண்டும், அல்லது பின்னே திரும்ப வேண்டும். நின்று வேடிக்கை காட்டினாலோ, ஒரு பேஸில் நிலைத்து நின்ற பிறகு காலை எடுத்தாலோ டெட் பால், அவுட். பிட்சர் அவரை நோக்கி எறிவதுபோல் கையை ஓங்கினால் மட்டும் இந்தக் கட்டுப்பாடு விலகிவிடும்.

பந்து கையில் இல்லாத ஃபீல்டர் ரன்னரின் வழியை மறித்தால் அது அப்ஸ்ட்ரக்ஷன். இடது கையைப் பக்கவாட்டில் நீட்டுங்கள், ஆனால் ஆட்டத்தை நிறுத்தாதீர்கள். ப்ளே முடிந்த பிறகு, மறிக்காமல் இருந்திருந்தால் ரன்னர் எதுவரை போயிருப்பார் என்று நீங்கள் நினைக்கிறீர்களோ அந்த பேஸைக் கொடுங்கள். இது முழுக்க உங்கள் தீர்ப்பு.

கேட்டால் மட்டும் சொல்ல வேண்டியவை

பேஸ் ரன்னிங்கில் இவை மூன்று. ரன்னர் ஒரு பேஸைத் தொடாமல் போவது. ஃப்ளை பந்து பிடிபட்டபோது, அது ஃபீல்டர்மேல் முதலில் படுவதற்கு முன்பே பேஸை விட்டு ஓடுவது. ஃபர்ஸ்ட் பேஸைத் தாண்டி ஓடிய பிறகு செகண்ட் பேஸுக்குப் போக முயல்வது. பேட்டிங் வரிசை மாறி ஆடுவதும் அப்பீலுக்கு உட்பட்டதுதான், ஆனால் அது ஸ்கோரரோடு உட்கார்ந்து தனியாகப் படிக்க வேண்டிய பாடம்.

இரண்டாவதில் “முதலில் படுவது” என்பதை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிடித்து முடிப்பது கணக்கில்லை. ஃபீல்டர் பந்தைத் தட்டி, தடுமாறி, மூன்றாவது முயற்சியில் பிடித்தாலும், முதலில் கையுறையில் பட்ட நொடியிலேயே ரன்னர் கிளம்பலாம். ஃபவுல் பக்கம் பிடித்த ஃப்ளைக்கும் இதேதான். இதைப் பார்க்க ஒரே வழி, ஃபீல்டரின் கையுறையும் ரன்னரின் காலும் ஒரே நேர்க்கோட்டில் தெரியும்படி நகர்ந்து நிற்பது. தலையை அங்கும் இங்கும் திருப்பிப் பார்த்தால் இரண்டுமே தவறிப்போகும்.

மூன்றாவதில் ஒரு தவறான நம்பிக்கை நம் மைதானங்களில் வேரூன்றியிருக்கிறது. ஃபர்ஸ்ட் பேஸைத் தாண்டிய ரன்னர் இடது பக்கம் திரும்பினாலே டேக் செய்து அவுட் வாங்கிவிடலாம் என்பார்கள். அப்படி இல்லை. அவர் எந்தப் பக்கம் திரும்பினார் என்பது பொருட்டே இல்லை. செகண்ட் பேஸுக்குப் போக முயன்றாரா என்பதுதான் கேள்வி. நேரே நடந்து திரும்பி வருகிறவரை டேக் செய்தால் சேஃப் என்று தயங்காமல் சொல்லுங்கள்.

இந்த மூன்றில் எது நடந்தாலும் நீங்கள் பார்த்ததை மனதில் வைத்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். தலையை ஆட்டக் கூடாது, தவறிய பேஸையே உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்கவும் கூடாது. சில கேட்சர்கள் பந்தைப் பார்க்காமல் அம்பயரின் முகத்தைத்தான் பார்ப்பார்கள். பேஸைக் கடந்துபோன ரன்னர், யாராவது அப்பீல் செய்யும்வரை, அதைத் தொட்டவராகவே கருதப்படுவார். கண்டுபிடித்துக் கேட்பது ஃபீல்டிங் அணியின் வேலை.

அப்பீல் வரும்போது

அப்பீல் இரண்டு வகையில் வரும். பந்து ஆட்டத்தில் இருக்கும்போதே, பந்தோடு இருக்கும் ஃபீல்டர் ரன்னர் தவறவிட்ட பேஸைத் தொடலாம், அல்லது ரன்னரையே டேக் செய்யலாம். இது நடக்கும்போது மற்ற ரன்னர்கள் ஓடலாம், அவர்களையும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டாவது வகை, ரன்னர்கள் எல்லோரும் ஓடி முடித்து, நீங்கள் டைம் கொடுத்து ஆட்டத்தை நிறுத்திய பிறகு வாயால் கேட்பது. பிட்சர், கேட்சர் உட்பட இன்ஃபீல்டர் (பேஸ்களை ஒட்டி நிற்கும் ஃபீல்டர்) யார் வேண்டுமானாலும் கேட்கலாம், கையில் பந்து இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. பயிற்சியாளர் கேட்கலாமா என்பதில் விதிப்புத்தகத்துக்கு விதிப்புத்தகம் வேறுபாடு உண்டு. உங்கள் போட்டிக்கு எந்தப் புத்தகம் என்று அமைப்பாளரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்பதும் தெளிவாக இருக்க வேண்டும். ஷார்ட்ஸ்டாப் பிள்ளை மூச்சிரைக்க ஓடிவந்து நிற்கும்.

“சார், தொடலை சார்!”

“யாரும்மா தொடலை?”

“அந்த ரன்னர் சார். இப்போ தேர்ட்ல நிக்கிறாங்கள்ல, அவங்க.”

“எந்த பேஸ்?”

“செகண்ட் பேஸ் சார்.”

இப்போதுதான் அது அப்பீல். எந்த ரன்னர், எந்த பேஸ் என்ற இரண்டும் வந்த பிறகு, சத்தமாக, இரண்டு பெஞ்சுக்கும் கேட்கும்படி அவுட் அல்லது சேஃப் என்று சொல்லுங்கள். நீங்களாக எடுத்துக் கொடுக்காதீர்கள். “செகண்ட் பேஸா, தேர்ட் பேஸா?” என்று கேட்பதே ஒரு குறிப்புதான். ஒரு பேஸைச் சொல்லி சேஃப் வாங்கியதும் அடுத்த பேஸ், அதற்கடுத்த பேஸ் என்று வரிசையாகக் கேட்டுப் பார்த்தால் அது ஊகம். ஒரே ப்ளேயில் ஒன்றுக்கு மேற்பட்ட அப்பீல் இருக்கலாம், ஊகத்துக்கு இடமில்லை என்று சொல்லி ஆட்டத்தைத் தொடரலாம்.

நீங்கள் பார்க்கவில்லை என்றால்? கூட இருக்கும் அம்பயரிடம் போய்க் கேளுங்கள். அவரும் பார்க்கவில்லை என்றால் சேஃப். கண்ணால் பார்க்காத அவுட்டைக் கொடுக்கக் கூடாது. ஃபீல்டர் எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும் சரி, கரையில் நிற்கும் அத்தனை பேரும் சொன்னாலும் சரி.

அப்பீலுக்குக் காலக்கெடு உண்டு. அடுத்த பிட்ச் போடுவதற்குள் கேட்க வேண்டும், அந்தப் பிட்ச் முறையானதாக இருந்தாலும் முறையற்றதாக இருந்தாலும். அரை இன்னிங்ஸ், அதாவது ஒரு அணியின் பேட்டிங் முறை, முடிகிற ப்ளே என்றால் பிட்சரும் எல்லா இன்ஃபீல்டர்களும் ஃபவுல் கோடுகளுக்கு உள்ளே இருக்கும் ஃபேர் பகுதியை விட்டு வெளியேறுவதற்குள் கேட்க வேண்டும்.

ரன் கணக்கு: அதிகம் சண்டை வரும் இடம்

இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். ஒரு அவுட் ஆகியிருக்கிறது. ஃபர்ஸ்ட், தேர்ட் பேஸ்களில் ரன்னர்கள். சென்டர் ஃபீல்டில் உயரப் பந்து, பிடித்துவிட்டார்கள், இரண்டு அவுட். தேர்ட் பேஸ் ரன்னர் முறையாகக் காத்திருந்து கிளம்பி ஹோமைத் தொட்டுவிட்டார். ஃபர்ஸ்ட் பேஸ் ரன்னர் முன்பே ஓடிவிட்டார், திரும்பி வருவதற்குள் பந்து ஃபர்ஸ்ட் பேஸுக்கு வந்து மூன்றாவது அவுட். ரன் உண்டா?

உண்டு. ஃபீல்டர் ரன்னரைத் தொடாமல் பேஸை மட்டும் மிதித்து அவுட் வாங்கியதால் இதை ஃபோர்ஸ் அவுட் என்று பலர் நினைக்கிறார்கள். இது அப்பீல் அவுட். அடித்தவர் ரன்னராக மாறியதால் கட்டாயமாக அடுத்த பேஸுக்கு ஓட வேண்டி வந்தால்தான் ஃபோர்ஸ். இங்கே அடித்தவர் கேட்சிலேயே அவுட் ஆகிவிட்டார். அதனால் நேரம்தான் கணக்கு. மூன்றாவது அவுட்டுக்கு முன்பே ஹோமைத் தொட்டிருந்தால் ரன் செல்லும். ஆகவே இந்த ப்ளேயில் பிளேட் அம்பயர் ஹோம் பக்கத்தில் நின்று, எது முந்தியது என்று பார்த்து, ரன் உண்டா இல்லையா என்று ஸ்கோரருக்குக் கையைக் காட்டிச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. இரண்டு அவுட், மூன்று பேஸிலும் ஆள், அடித்தவர் வேலிக்கு மேல் ஹோம் ரன் அடிக்கிறார். ஹோம் ரன் என்றாலும் எல்லா பேஸையும் தொட்டாக வேண்டும். ஃபர்ஸ்ட் பேஸில் நின்ற ரன்னர் தேர்ட் பேஸைத் தொடாமல் போய்விட்டார், அப்பீல் வந்து மூன்றாவது அவுட். அவருக்கு முன்னால் போன இரண்டு பேரின் ரன் செல்லும், அவருடையதும் அடித்தவருடையதும் செல்லாது. அதே ரன்னர் தவறவிட்டது செகண்ட் பேஸாக இருந்தால்? அது அவர் கட்டாயமாக ஓட வேண்டிய பேஸ். அங்கே ஃபோர்ஸ், ஆகவே நான்கில் ஒரு ரன்கூடச் செல்லாது. அடித்தவர் ஃபர்ஸ்ட் பேஸைத் தவறவிட்டாலும் அப்படித்தான். இதைச் சாப்பாட்டு மேசையில் நான்கு டம்ளரை பேஸாக வைத்து நகர்த்திப் பார்த்தே மனதில் ஏற்றிக்கொள்ளலாம்.

மூன்று அவுட் ஆன பிறகும் அப்பீல் வரலாம். ஹோமைத் தொட்ட ரன்னர் தேர்ட் பேஸை முன்கூட்டியே விட்டவர் என்றால், மூன்றாவது அவுட் வேறொரு ரன்னர்மீது விழுந்திருந்தாலும், அந்த ரன்னை நீக்குவதற்காக அப்பீல் செய்யலாம். காலக்கெடுவுக்குள் கேட்டால் போதும்.

வாக்குவாதம் வந்தால்

கால் பட்டதா, டேக் பட்டதா, மறித்தாரா என்பவை தீர்ப்பு. இவற்றின்மீது புரோட்டெஸ்ட், அதாவது முறைப்படியான ஆட்சேபம், கிடையாது. விதியைத் தவறாகப் பயன்படுத்தியதாகச் சொன்னால், உதாரணமாக மேலே சொன்ன ரன்னை ஃபோர்ஸ் என்று நீக்கிவிட்டீர்கள் என்றால், அடுத்த பிட்சுக்கு முன்பு அவர்கள் புரோட்டெஸ்ட் சொல்லலாம். சொன்னால் ஸ்கோர், இன்னிங்ஸ், யார் எந்த பேஸில் என்பதை எழுதி வைத்துக்கொண்டு ஆட்டத்தைத் தொடருங்கள்.

உங்கள் முடிவை நீங்கள் மட்டும்தான் மாற்றலாம், கூட இருக்கும் அம்பயர் தானாக வந்து மாற்ற முடியாது. பயிற்சியாளர் உங்களைவிட மூத்தவராக, உங்களுக்கே சொல்லிக்கொடுத்த பி.டி. சாராகக்கூட இருப்பார். நம் ஊரில் இது சகஜம். “சார், நான் பார்த்த இடத்திலிருந்து கால் படவில்லை” என்று மரியாதையாக, ஒரே ஒரு முறை சொல்லிவிட்டு உங்கள் இடத்துக்குத் திரும்பிவிடுங்கள். காரணத்தை விளக்கிக்கொண்டே போனால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு பதில் கேள்வி வரும்.

கடைசி ப்ளேயில் அப்பீலுக்கான கெடு, அம்பயர்கள் மைதானத்தை விட்டு வெளியேறும்வரை. சித்திரை வெயிலில் இரண்டு ஆட்டம் நின்ற பிறகு நிழலுக்கு ஓடத்தான் தோன்றும். வெற்றி ரன் வந்ததும் ஒரு அணி துள்ளிக்கொண்டு மைதானத்துக்குள் வரும், இன்னொரு அணியின் கேட்சர் உங்களைத் தேடிக்கொண்டிருக்கலாம். அதனால் ஹோம் பக்கத்திலேயே நில்லுங்கள். கேட்க வருகிறவர் யாருமில்லை என்று தெரிந்த பிறகு, இரண்டு அம்பயரும் சேர்ந்து வெளியே வந்து, ஸ்கோர் ஷீட்டைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.